பெட்டி மட்டும் போதாது, பூவும் வேண்டும்

(தோட்டப் பிரிவொன்றில், தேனீப் பெட்டி பெற்ற குடும்பங்களின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போன குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாம் பேசப் போவது தேனீயின் சாப்பாட்டைப் பற்றி. "தேனீக்கு நாங்க என்னாத்துக்குச் சாப்பாடு பாக்கணும்? அதுதானே நமக்குத் தேன் தருது" என்று ஓர் அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல்தான் நாமும் ஒரு தடவை பிழை விட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன், சுயதொழில் உதவியாக, ஒரு மேற்பிரிவில் ஆறு குடும்பங்களுக்குத் தேனீப் பெட்டி கொடுத்தோம். பெட்டி நல்ல பெட்டி. உள்ளே இருந்த கூட்டமும் நல்ல கூட்டம். எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர் டின் வைத்தோம். எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாலு பெட்டி காலி. ஐந்தாவதில் ஒரு கையளவு தேனீ. "பறந்து போயிருச்சுங்க. நமக்குக் கை ராசி இல்ல" என்றார் ஒரு பெரியவர். இன்னொரு வீட்டில், "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றார்கள்.

ராசியும் இல்லை, கண்ணூறும் இல்லை. பட்டினி. பெட்டி வைத்த இடத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கொழுந்து மலை. பச்சைப் பசேலென்று இருந்தது. ஆனால் தேனீ வாய் வைக்க அதில் ஒரு பூ இல்லை. கான் ஓரமும் பாதை ஓரமும் புல்லு மருந்து அடித்துக் கருகிக் கிடந்தது. அந்த வருடம் மழையும் விடவில்லை. பெட்டி கொடுத்த நாம், சுற்றிலும் பூ இருக்கிறதா என்று ஒரு நாள்கூட நடந்து பார்க்கவில்லை. அது எமது பிழை.

ஆறாவது பெட்டி மட்டும் தங்கிவிட்டது. அது ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

எந்தத் தேனீ?

தோட்டத்தில் "குளவி கொட்டிருச்சு" என்ற சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறும். கொழுந்து எடுக்கப் போன இடத்தில் கொட்டு வாங்கி உயிரிழந்தவர்கள் மலையகத்தில் உண்டு. அதனால் இதை முதலில் தெளிவாக்குவோம்.

நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் உண்மையான குளவியும் உண்டு, மலைத்தேனீயும் உண்டு. மலைத்தேனீயைச் சிங்களத்தில் பம்பரா என்பார்கள். உயர்ந்த மரக் கொம்பிலும் பாறையிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும். பூக்காலத்தில் மலைக்கு ஏறி வரும், பூ முடிந்ததும் கீழ்நாட்டுக்கு இறங்கிப் போய்விடும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. அடை தொங்குகிற மரத்தைக் கண்டால் கல் எறியவோ புகை போடவோ வேண்டாம். கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கொட்ட வந்தால் குந்திக்கொண்டிருக்காமல், முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடி, ஒரு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவரையும், மூச்சு முட்டுகிறவரையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாம் பெட்டியில் வளர்ப்பது சின்னத் தேனீ. மரப்பொந்திலும் பழைய பானையிலும் சுவர்ப் பொந்திலும் பல அடைகளாகக் கட்டும். சிங்களத்தில் மீ மெஸ்ஸா என்பது இதைத்தான். பயத்தில் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பந்தம் கொளுத்திக் காட்டி அழித்துவிடுகிறோம். பொந்தில் இருக்கிற சின்னத் தேனீயைக் கொளுத்துவதால் குளவிப் பயம் குறையப் போவதில்லை.

ரொட்டியும் பிளேன்டீயும் மட்டும் போதுமா?

தேனீக்கு இரண்டு விதமான சாப்பாடு வேண்டும். ஒன்று பூவின் தேன். அதில் இருப்பது இனிப்பு. பறக்கப் பலம் தருவதும், குளிரில் கூட்டைச் சூடாக வைப்பதும் அதுதான். குஞ்சு வளரும் அடையைத் தேனீக்கள் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கின்றன. நமது மலைக் குளிரில் அது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். தேன்தான் அவற்றின் அடுப்புக்கு விறகு.

மற்றது மகரந்தம், அதாவது பூந்தூள். தேனீயின் பின்னங்காலில் மஞ்சளாக, வெள்ளையாக, சில நேரம் செம்மஞ்சளாக ஒரு சிறு உருண்டை ஒட்டியிருக்குமே, அதுதான். புரதம், கொழுப்பு, விற்றமின், உப்புச் சத்து எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கூட்டிலே இளந்தேனீக்கள் இந்த மகரந்தத்தைத் தின்று, தமது தலையில் உள்ள சுரப்பியில் பால் போன்ற ஓர் உணவைச் சுரந்து, புழுக்களுக்கு ஊட்டுகின்றன. நமது பிள்ளை மடுவத்து ஆயாமாரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இராணித் தேனீ முட்டையிடுவதும் இந்தப் பாலைக் குடித்துத்தான்.

கர்ப்பிணித் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் திரிபோஷா ஏன் கொடுக்கிறார்கள்? ரொட்டியும் சீனி போட்ட பிளேன்டீயும் வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. மகரந்தம் தேனீயின் திரிபோஷா. அது கிடைக்காவிட்டால் ஆயாத் தேனீக்குப் பால் சுரக்காது. குஞ்சுகள் காயும். பஞ்சம் கடுமையானால் வேலைக்காரத் தேனீக்கள் இளம் புழுக்களைத் தாமே தின்றுவிடும். "பெத்ததைத் தின்னுமா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிற புரதத்தை வீணாக்காமல் மிச்சக் கூட்டையாவது காப்பாற்றும் வழி அது. அதற்கும் முடியாமற் போனால் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். இந்தச் சின்னத் தேனீயின் சுபாவமே அதுதான். பட்டினி கிடந்து சாகிறதை விட இடம் மாறுவது மேல் என்று போய்விடும். அந்தப் பெரியவரின் பெட்டியில் நடந்ததும் இதுதான்.

ஒரே பூ போதாது

"இங்க யூக்கலிப்டஸ் மரம் நெறய இருக்கே, பூ வந்தா மரமே இரையுதே" என்று ஒரு தம்பி கேட்டார். உண்மைதான். அந்த மரம் பூத்தால் தேன் கொட்டும். ஊவாப் பக்கத்தில் பெட்டித் தேனில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் யூக்கலிப்டஸ் மகரந்தம் மட்டும் தின்று ஒரு கூட்டம் நல்லபடி நிற்காது. அந்த மரத்தின் சொந்த நாடான அவுஸ்திரேலியாவில் தேனீ வளர்ப்போர் இதை நன்கு அறிவார்கள். அதில் கொழுப்புக் குறைவு. உடம்புக்குத் தேவையான புரதக் கூறுகளிலும் ஒன்றிரண்டு போதாமல் இருக்கும். தேன் நிரம்பி வழியும்போதே கூட்டம் மெலிந்து போவதை அங்கே பார்த்திருக்கிறார்கள்.

2010ஆம் ஆண்டில் பிரான்சில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சில தேனீக்களுக்கு ஒரே வகைப் பூவின் மகரந்தத்தையும், சிலவற்றுக்குப் பல பூக்களின் கலவையையும் கொடுத்துப் பார்த்தார்கள். தேனீ தன் கூட்டு உணவைக் கிருமியிலிருந்து காப்பதற்கு ஒரு பொருளைச் சுரக்கிறது. கலவை தின்றவற்றில் அந்தச் சக்தி கூடுதலாக இருந்தது. புரதம் அதிகமுள்ள ஒற்றைப் பூவை விடக் கலவை நன்றாக வேலை செய்தது. சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் கருவாடு என்று கலந்து சாப்பிடுங்கள் என்று தோட்டத்து மருத்துவமாது உங்களிடம் சொல்வதும் இதே கதைதான்.

மலை பச்சை, பூ எங்கே?

சின்னத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்தான் தீனி தேடும். பெட்டியிலிருந்து ஒரு கிலோமீற்றர் சுற்றளவில் உள்ள லயம், மலை, கான், ஆற்றோரம், கோயில் வளவு எல்லாம் அதன் குசினி. அதற்குள் வருடம் பூராவும் ஏதாவது பூத்துக்கொண்டிருக்க வேண்டும்.

தேயிலையும் பூக்கிற செடிதான். ஆனால் நாம் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டும், கவ்வாத்து வெட்டிக்கொண்டும் இருப்பதால் அது பூக்கு வருவது குறைவு. கைவிட்ட மலையில் பூக்கும். அந்தப் பூவின் மகரந்தம் நல்லதுதான். ஆனால் அதன் தேனில் உள்ள ஒருவகை இனிப்பு புழுக்களுக்குச் செரிப்பதில்லை. சீனாவில் தேயிலைப் பூக்காலத்தில் புழுக்கள் அழுகுவதைத் தேனீ வளர்ப்போர் கண்டு, அந்த நாட்களில் சீனிப்பாகு கொடுத்துச் சமாளிக்கிறார்கள். ஆக, தேயிலையை நம்பித் தேனீ பிழைக்க முடியாது. தேயிலைக்கு நடுவே இருக்கிற மற்றவைதான் அதற்குச் சோறு.

அந்த மற்றவை எவை? நிழல் மரமாக நிற்கும் கிரெவில்லியா, பல தோட்டங்களில் சவுக்கு என்கிறோமே, அது நல்ல தேன் மரம். வேலியில் நடும் கிளிரிசிடியா, விறகுக்கு நடும் கலியாண்ட்ரா, பசளைக்கு வெட்டிப்போடும் காட்டுச் சூரியகாந்தி, துணியில் ஒட்டுகிற ஊசிப்புல், கான் ஓரத்துச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, ஊதாப் பூ எல்லாம் அதற்குச் சாப்பாடு. நமக்கு அது களை. நிழல் மரத்தை வெட்டி, ஓரத்தில் எல்லாம் மருந்து அடித்துவிட்டால் அந்தக் குசினியில் அடுப்பு அணைந்தது போலத்தான்.

புல்லு மருந்தில் இன்னொரு விஷயமும் உண்டு. கிளைபோசேட் நமது நாட்டில் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. அது தேனீயை உடனே கொல்வதில்லை. ஆனால் 2018இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அந்த மருந்தை உட்கொண்ட தேனீயின் குடலில் நன்மை செய்யும் கிருமிகள் குறைந்தன. பிறகு நோய்க்கிருமி தொற்றியபோது அவை கூடுதலாகச் செத்தன. ஏற்கெனவே பட்டினி கிடக்கிற கூட்டத்துக்கு இதுவும் சேர்ந்தால் எப்படித் தாங்கும்?

நமக்கு என்ன நட்டம்?

தேயிலைக் கொழுந்துக்குத் தேனீ தேவையில்லை. அதனால் தோட்டக் கணக்கில் தேனீ ஒரு பெயரே இல்லை. ஆனால் நமது லயத்துப் பின்னால் இருக்கிற தோட்டத்துக்கு அது தேவை. பூசணிக்கும் பீர்க்குக்கும் சவ்சவ்வுக்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் தூளை மற்றதற்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். பெண் பூ பிஞ்சோடு மஞ்சளித்து விழுந்தால், "பனி பட்டிருச்சு" என்கிறோம். பல வேளை தூள் சேராததுதான் காரணம். பட்டர்புரூட், கொய்யா, தோடை, கோப்பி எல்லாவற்றிலும் தேனீ வந்தால் காய் கூடும். தேன் போத்தலை விற்று வரும் காசை விட, பிள்ளையின் தட்டுக்கு வரும் மரக்கறியும் பழமும் பெரிய வரவு என்று நாம் நினைக்கிறோம்.

இப்போது ஆறாவது பெட்டியைச் சொல்கிறோம். அது லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுப் பெட்டி. அவருக்குத் தேனீ பற்றி நாம் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. ஆனால் பின்பக்கம் ஒரு சவ்சவ் பந்தல், இரண்டு பட்டர்புரூட் மரம், வேலியில் கிளிரிசிடியா, ஒரு பாத்தியில் விதைக்கு விட்ட முள்ளங்கியும் கடுகும், சாமிக்கு வைத்த துளசி. "நா ஒன்னும் செய்யலீங்க, சும்மா பூ கெடக்கும்" என்றார். அந்தச் சும்மா கிடந்த பூதான் பெட்டியைக் காப்பாற்றியது.

நோய் வந்தால்

பட்டினி கிடக்கிற வீட்டுக்குள்தான் நோய் சுலபமாக நுழையும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் எங்கும் இதே சின்னத் தேனீயைப் பை நோய் என்ற வைரசு நோய் தாக்கி, பெரும்பாலான பெட்டிகள் காலியாகின. நோய் கண்ட புழு தோலுக்குள் நீர் கோத்து, சிறு பை போலாகும். தலை மட்டும் தோணி முனை போல மேலே வளைந்து நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. நோய்ப்பட்ட அடைகளை எடுத்து எரித்துவிட்டு, மிச்சக் கூட்டத்துக்கு நல்ல தீனி கிடைக்கச் செய்வதுதான் வழி. அந்தப் பெட்டியின் அடையையும் தேனையும் மற்றப் பெட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

மெழுகு அந்து இன்னொரு எதிரி. அடையில் ஒட்டடை போல நூல் கட்டிக் குடைந்துகொண்டு போகும். பலமான கூட்டம் அதைத் தானே விரட்டும். ஆள் குறைந்த கூட்டத்தில்தான் அது குடியேறும். காலியான அடையைப் பெட்டியில் விட்டு வைக்காதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய செலவில்லாத வேலைகளைத்தான் சொல்கிறோம்.

முதலாவது, பெட்டி வைக்கும் முன் நடந்து பாருங்கள். சுற்றுப்புறத்தில் என்ன பூக்கிறது, எந்த மாதத்தில் பூக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒவ்வொரு பக்கம். வெறுமையாக இருக்கிற பக்கம்தான் பஞ்ச மாதம். அந்த மாதத்தில் பூக்கிற ஏதாவது ஒன்றைத் தேடி நடுங்கள்.

இரண்டாவது, வாசலைக் கவனியுங்கள். வெயில் உள்ள காலையில் பெட்டி வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காலில் தூள் உருண்டையோடு தேனீ வந்தால் குஞ்சு வளர்கிறது. எல்லாம் வெறுங்காலோடு வந்தால் கவலைப்பட வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் தேன் இருப்பு கைக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேனை முழுவதும் எடுக்காதீர்கள். மேல் அறையில் உள்ளதில் மட்டும் எடுங்கள். குஞ்சு அறை அடையைத் தொடவே வேண்டாம். மழை வரப்போகும் காலமென்றால் மேலேயும் மிச்சம் விடுங்கள். அது அவற்றின் மழைக்கால அரிசி.

நான்காவது, அடைமழையில் சீனிப்பாகு கொடுங்கள். ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். சர்க்கரையும் பனங்கட்டியும் வேண்டாம், வயிற்றோட்டம் வரும். கடைத் தேனும் வேண்டாம், அதோடு நோயும் வரலாம். மூடியில் ஊசித் துளை போட்ட சிறு போத்தலைக் கவிழ்த்து, பொழுது சாயும் நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பும் வேறு கூட்டத்துத் தேனீயும் கொள்ளைக்கு வரும். பூக்காலம் தொடங்கியதும் பாகை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாகு கலந்ததைத் தேன் என்று விற்ற பாவம் நமக்கு. பாகு வெறும் விறகுதான், திரிபோஷா ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். மகரந்தத்துக்குப் பூதான் வழி.

ஐந்தாவது, மருந்து விஷயம். வீட்டுத் தோட்டத்தில் பூத்திருக்கும் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆகவேண்டுமென்றால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பின், மாலையில் அடியுங்கள். பக்கத்து வீட்டில் பெட்டி இருந்தால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருந்து கலக்கும் பீப்பாவைத் திறந்து வைக்க வேண்டாம், தேனீ தண்ணீர் குடிக்க அங்கே போகும். அதற்கென்று ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வையுங்கள்.

ஆறாவது, தோட்டத்து மலை நமது முடிவில் இல்லை. ஆனால் கேட்கலாம். கான் ஓரம், பாதை ஓரம், ஆற்றோரம் ஆகியவற்றில் ஓர் அகலம் மருந்தடிக்காமல் விட்டு, கத்தியால் மட்டும் வெட்டச் சொல்லி, தாய்மார் சங்கமும் தொழிற்சங்கத் தலைவரும் துரையிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். பூவோடு வேர் நின்றால் மண் கழுவிப் போவதும் குறையும். அது தோட்டத்துக்கும் லாபம் என்று சொல்லுங்கள். மருந்து அடிக்கிற தம்பிமாரின் உடம்புக்கும் அந்த அளவு நல்லது.

மேலும் விவரம் தேவையானால், பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமென்றால் எம்மிடம் சொல்லுங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து போவோம்.

கடைசியாக ஒன்று. இனிமேல் நாமும் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வரமாட்டோம். முதலில் கொப்பியோடு வந்து உங்கள் லயத்தைச் சுற்றி நடப்போம். பூ இருக்கிற வீட்டுக்கு முதலில் பெட்டி. பூ இல்லாத வீட்டுக்கு முதலில் கன்றும் விதையும், அடுத்த வருடம் பெட்டி. "காத்திருக்கணுமா?" என்று சிலர் முகம் சுருங்குவது தெரிகிறது. காலிப் பெட்டியை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவரின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். அதை இன்னொரு வீட்டில் பார்க்க எமக்கு மனமில்லை.